நூல் பிடித்தாற்போல் ஏறும் குமிழிகள்

பாரிஸிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். விடுமுறையில் குடும்பத்தோடு ரான்ஸ் நகரத்து ஷாம்பெயின் நிலவறை ஒன்றைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த சுரங்கம். கோடையிலும் 10, 12 டிகிரிதான். மேலே வந்ததும் பெரியவர்களுக்கு ஆளுக்கொரு கிளாஸ் ஊற்றித் தந்தார்களாம். அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த எட்டு வயது மகள் கேட்டாளாம்: “அப்பா, குமிழி எல்லாம் ஏன் ஒரே இடத்திலேர்ந்து நூல் பிடிச்ச மாதிரி வருது?”

வாயு வந்த கதை எளிது. ஒருமுறை புளித்த ஒயினில் லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் புட்டியில் அடைத்துவிடுவார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடை விடும். அது போக வழியில்லாமல் ஒயினிலேயே கரையும். உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைப்போல ஆறு மடங்கு. அப்புறம் மாதக்கணக்கில் இருட்டில் கிடந்து, வண்டல் நீக்கி, தக்கை போட்டு வெளியே வரும். சாதாரணப் புட்டி ஒன்றில் ஏறக்குறைய 5 லிட்டர் வாயு அடைபட்டிருக்கிறது.

ஆனால் திறந்துவிட்டாலும் அது நினைத்த இடத்தில் குமிழியாகிவிட முடியாது. திரவத்துக்குள் புதிதாக ஒரு குமிழி பிறக்க, ஒட்டிக்கொண்டிருக்கும் மூலக்கூறுகளை விலக்கியாக வேண்டும். மிகச் சிறிய குமிழியைப் பரப்பு இழுவிசை (திரவத்தின் பரப்பைச் சுருக்கப் பார்க்கும் விசை) நசுக்கி, வாயுவை மறுபடி கரைத்துவிடும். ஷாம்பெயினில் குமிழி பிழைக்க, ஒரு மில்லிமீட்டரில் 5,000-ல் ஒரு பங்கு ஆரமாவது வேண்டும். அந்த அளவுக்கு முதலிலேயே ஒரு காற்றுப்பை இருந்தால்தான் வேலை தொடங்கும்.

அந்தப் பை எங்கே இருக்கிறது? கண்ணாடிக் கீறலில் என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். ரான்ஸ் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் ஜெரார் லிஜே-பெலேர் அதிவேகக் கேமராவை வைத்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. கிளாஸைத் துடைத்த துணியிலிருந்தோ காற்றிலிருந்தோ வந்து ஒட்டிய செல்லுலோஸ் இழை, அதாவது பருத்தி போன்ற தாவர நார்! உள்ளே குழல்போலக் காலியாக இருக்கும். ஒயினை ஊற்றும்போது அந்தக் குழலுக்குள் துளி காற்று சிக்கிக்கொள்கிறது. சுற்றியுள்ள வாயு அதற்குள் நுழைய நுழைய அது நீள்கிறது. இழையின் வாய்வரை வந்ததும் முனை மட்டும் பிய்ந்து குமிழியாகி மேலே போகிறது. மீதிப் பை உள்ளேயே தங்கி மறுபடி நீள்கிறது. நொடிக்குப் பத்து, இருபது என்று தாளம் தப்பாமல் இது நடக்கிறது. குமிழி ஏறும்போதே வாயுவை வாங்கிப் பருத்து வேகம் பிடிப்பதால், மேலே போகப் போக சரத்தில் இடைவெளி கூடுகிறது. அந்தச் சிறுமி சரியாகத்தான் சொன்னாள்: அடியில் நிஜமாகவே ஒரு நூல் இருக்கிறது.

குடிக்கிற பானத்தின் குமிழிக்கெல்லாம் ஆராய்ச்சிப் பணமா என்று சிலர் கேட்பார்கள். தாராளமாகத் தரவேண்டும் என்பேன். மேற்பரப்பில் குமிழி வெடிக்கும்போது தெறிக்கும் துளிகள்தான் கடலில் உப்பைக் காற்றில் ஏற்றுகின்றன. அந்த உப்புத்துகளைப் பிடித்துக்கொண்டுதான் மேகத்துளிகள் பல உருவாகின்றன.

அந்தச் சிறுமிக்கு ஒரு வேலை சொல்லியிருக்கிறேன். இரண்டு கிளாஸ்களை நன்றாகக் கழுவி, ஒன்றைத் துணி படாமல் கவிழ்த்துக் காயவைத்து, மற்றொன்றைப் பருத்தித் துண்டால் துடைத்து, இரண்டிலும் சோடா ஊற்றிச் சரங்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.