எழுதி எழுதித் தேய்க்காதீர்கள், மூடி வைத்துக் கேளுங்கள்

காரைக்குடியில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் நர்சிங் முடித்த பிள்ளைகள். தேவகோட்டை, பள்ளத்தூர், கண்டனூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். போன வாரமும் ஒரு பிள்ளை லாங் சைஸ் நோட்டு கொண்டுவந்தது. ஒவ்வொரு சொல்லும் பத்துத் தடவை, பக்கத்தில் சிவப்பு மையில் தமிழ் அர்த்தம். அர்த்தத்தைக் கையால் மறைத்துக் கேட்டேன். பாதிக்கு மேல் வரவில்லை. "எனக்கு ஞாபகசக்தி கம்மி மிஸ், அம்மா வல்லாரை மாத்திரை வாங்கித் தந்திருக்காங்க" என்றது.

ஞாபகசக்தியில் ஒரு குறையும் இல்லை. பத்துத் தடவை எழுதும்போது முதல் தடவை மட்டும்தான் மூளை வேலை செய்கிறது. மற்ற ஒன்பதும் மேல் வரியைப் பார்த்துக் கை வரைகிற கோலம். அப்புறம் நோட்டைத் திருப்பித் திருப்பிப் படிக்கும்போது எல்லாம் பழகிய முகமாகத் தெரியும். 'தெரியும்' என்ற நினைப்பு வந்துவிடும். அந்த நினைப்புதான் ஆளைக் கவிழ்க்கிறது.

இது என் கற்பனை இல்லை. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு பக்கம். படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப்பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். 5 நிமிடத்தில் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். 2 நாள் கழித்தும், 1 வாரம் கழித்தும் கேட்டபோது நிலைமை தலைகீழ். ராத்திரி படித்துக் காலையில் வகுப்பில் ஒப்பிக்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். நாளைக்கு ஜெர்மனியில் வார்டில் நோயாளி பேசும்போது பக்கத்தில் சிவப்பு மை இருக்காது, பிள்ளைகளே!

சரி, என்ன செய்வது? சின்ன அட்டைகள் வெட்டுங்கள். ஒரு பக்கம் ஜெர்மன், மறுபக்கம் தமிழ். செட்டிநாட்டு வீட்டில் கொட்டானுக்கா, அதுதான் ஓலைக் கூடைக்கா பஞ்சம்? ஐந்து கொட்டான் எடுத்து வையுங்கள். முதல் கொட்டானைத் தினமும், இரண்டாவதை ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாவதை வாரம் ஒருமுறை, மற்ற இரண்டையும் இன்னும் தள்ளித் தள்ளிக் கேட்டுப்பாருங்கள். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த கொட்டானுக்கு. தப்பாகச் சொன்னால், எங்கே இருந்தாலும் முதல் கொட்டானுக்கு. லைட்னர் என்பவர் 1972இல் பரப்பிய முறை இது. ஆன்கி என்ற செயலியும் இதே போல இடைவெளி விட்டுக் கேட்கிற கணக்கைத் தானாகப் போடுகிறது; கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஆனால் வாட்ஸ்அப்பில் வருகிற மூவாயிரம் சொல் பிடிஎஃப்பை அதில் கொட்டாதீர்கள். ஜெர்மனில் முதல் படியான கோத்தே ஏ1 தேர்வுக்கான பட்டியலே ஏறக்குறைய 650 சொற்கள்தான். தினம் பத்துப் பன்னிரண்டு போதும்.

தமிழைப் பார்த்து ஜெர்மனை வாய்விட்டுச் சொல்லுங்கள். எதிர்த்திசை சுலபம், அதனால்தான் எல்லாரும் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். பெயர்ச்சொல்லை, அது ஆண்பாலா பெண்பாலா நடுப்பாலா என்று காட்ட முன்னால் வருகிற டெர், டீ, டாஸ் இல்லாமல் எழுதினால் அட்டையைக் கிழித்துப் போடுவேன். கரண்டி டெர் லோஃபல், முள்கரண்டி டீ காபல், கத்தி டாஸ் மெஸர். ஏன் என்று கேட்காதீர்கள், சேர்த்தே வாயில் ஏற்றுங்கள்.

கிழமை ஏழையும் ஒரே நாளில் படிக்காதீர்கள். டீன்ஸ்டாக் செவ்வாய், டொனர்ஸ்டாக் வியாழன். இரண்டும் கலந்துவிட்டால் ட்யூட்டி நாளே மாறிப்போகும். ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு மற்றது.

ஒட்டாத சொல்லுக்கு மட்டும் ஒரு கொக்கி போடுங்கள். கோப்ஃப் என்றால் தலை. கொப்பு காதில் போடுகிற நகை, காது இருப்பது தலையில். நம் காரைக்குடி கொப்புடையம்மனை நினைத்துக்கொண்ட பிள்ளை யாரும் இந்தச் சொல்லைத் தவறவிட்டதில்லை. எல்லாச் சொல்லுக்கும் இப்படிக் கதை கட்டினால் கதைதான் மிஞ்சும்.

பெற்றோருக்கு ஒரு கெஞ்சல். 'இன்னைக்கு எத்தனை பக்கம் எழுதினே?' என்று கேட்காதீர்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஆச்சியோ ஐயாவோ கொட்டானை மடியில் வைத்துக்கொண்டு தமிழ்ப் பக்கத்தை வாசிக்கட்டும்; பிள்ளை ஜெர்மனில் சொல்லட்டும். உங்களுக்கு ஜெர்மன் தெரிய வேண்டியதில்லை, சொன்னது சரியா என்று பிள்ளையே திருப்பிப் பார்த்துக்கொள்ளும். திணறினால் உடனே எடுத்துக்கொடுக்காமல் கொஞ்சம் பொறுங்கள். அப்படியும் வரவில்லையா, திட்டாமல் அந்த அட்டையை முதல் கொட்டானில் போட்டுவிடுங்கள்.