பால் வற்றிய சினை மாட்டுக்கும் நிழல் வேண்டும்

கோடையில் எந்தத் தொழுவத்துக்குப் போனாலும் கறவை மாடு மின்விசிறிக்குக் கீழே நிற்கும். கன்று போட இரண்டு மாதம் இருக்கிற, பால் வற்றவிட்ட சினை மாடு வெட்டவெளியில் கட்டிக் கிடக்கும். கேட்டால், "அதுதான் இப்ப கறக்கலையே டாக்டர்" என்பார்கள். எனக்கு அந்த மாட்டைப் பற்றித்தான் கவலை.

வயிற்றில் இருப்பது கிடேரி (பெண் கன்று) என்றால், அதன் சினைப்பையில் கருமுட்டைகள் ஏற்கெனவே உருவாகியிருக்கும். நாளைக்குப் பேத்தியாகப் பிறக்கப்போவதும் அதற்குள்தான் இருக்கிறது. ஆக, தாய் மேல் விழும் வெயில் மூன்று தலைமுறையைத் தொடுகிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் பால் வற்றிய காலத்தில் சில மாடுகளுக்கு நிழல் மட்டும், சிலவற்றுக்கு நிழலோடு விசிறியும் நீர்த்தெளிப்பும் கொடுத்து, வாரிசுகளின் பால் கணக்கைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 2020ல் முடிவு வெளியானது. நிழல் மட்டும் கிடைத்து வெப்பத்தில் நின்ற மாடுகளின் மகள்கள், குளிர்வித்த மாடுகளின் மகள்களைவிட முதல் ஈற்றில் நாளுக்கு சுமார் 2.2 கிலோ குறைவாகக் கறந்தன. பேத்திகளிலும் 1.3 கிலோ குறைந்தது.

நம் கோடையில் இன்னொரு சிக்கல், வெயில் ஒரே சீராக இருப்பதில்லை. நாலு நாள் கொளுத்தும், ஒரு சாயங்காலம் மழை பெய்யும், மறுநாள் புழுக்கம். மாட்டின் உடம்பு வெப்பத்துக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். புழுக்கத்தில் வியர்வையும் காயாது. இரவும் குளிரவில்லை என்றால், பகலில் ஏறிய சூடு இறங்காமலே மாடு அடுத்த நாளைத் தொடங்குகிறது. ஜெர்சி, ஹெச்.எஃப் (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) என்ற வெளிநாட்டு இனங்களின் கலப்பினங்கள்தான் அதிகம் திணறும். காங்கேயம், உம்பளச்சேரி போன்ற நாட்டு மாடுகள் ஓரளவு தாங்கும்.

மதியம் மாட்டின் விலாவைப் பாருங்கள். அது ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60ஐத் தாண்டினால் மாடு சிரமப்படுகிறது. வாயைத் திறந்து எச்சில் ஒழுக மூச்சு வாங்கினால் நிலைமை முற்றிவிட்டது, உடனே குளிர்விக்க வேண்டும். தகரக் கூரை மேல் தென்னங்கீற்று பரப்புங்கள். எப்போதும் தண்ணீர் எட்டும்படி வையுங்கள், தீவனத்தை விடிகாலையிலும் இரவிலும் போடுங்கள். உடம்பில் தண்ணீர் தெளித்தால் காற்றும் வேண்டும். அடைத்த கொட்டகையில் தண்ணீர் மட்டும் ஊற்றினால் புழுக்கம்தான் கூடும்.

அப்புறம், சீம்பால். வெப்பத்தில் நின்ற தாய்க்கு நஞ்சுக்கொடி சரியாக வளராது, கன்று எடை குறைந்து பிறக்கும். சீம்பாலில் இருக்கும் நோய் எதிர்ப்புப் புரதத்தை உறிஞ்சும் திறனும் அதன் குடலுக்குக் குறைவு. அதனால் கோடைக் கன்றுக்கு, நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்காமல், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிடுங்கள். முதல் நாளிலேயே கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்காவது உள்ளே போக வேண்டும்.