திங்கட்கிழமை வயிற்று வலி

காலை ஏழே முக்கால் மணி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் அக்கா வீடு. மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவள் மகன் தொப்புளைச் சுற்றிக் கையை வைத்துக்கொண்டு சுருண்டு உட்கார்ந்திருக்கிறான். தட்டில் இரண்டாவது இட்லி விண்டபடி கிடக்கிறது. "நேற்று சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் அந்த ஓட்டம் ஓடினாயே, அப்போது வலிக்கவில்லையா?" என்கிறாள் அக்கா. தெருமுனையில் வேன் ஹாரன் கேட்கிறது. பையனின் முகம் வெளுத்து, மேலுதட்டில் வியர்வை அரும்புகிறது.

நடிக்கிறான் என்றுதான் நானும் அன்று நினைத்தேன். அந்த வியர்வையை யாராலும் நடித்துக் காட்ட முடியாது என்பது பிறகுதான் உறைத்தது.

பிரிஸ்டல் நகரக் குழந்தை மருத்துவர் ஜான் ஆப்லியும் அவருடைய சக மருத்துவரும் ஆயிரம் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து 1958-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்கு வயிற்று வலி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. இப்படிப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோரிடம் எந்த உறுப்பிலும் கோளாறு இருப்பதில்லை. ஆனாலும் வலி நிஜம்.

எப்படி? நம் குடலின் சுவருக்குள்ளேயே பத்து கோடிக்கும் மேற்பட்ட நரம்பு செல்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. இந்த வலையை மூளையோடு இணைக்கும் முக்கியப் பாதை வேகஸ் நரம்பு. அதன் இழைகளில் பெரும்பகுதி வயிற்றிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. மூளை பயந்தால் இந்த வழியாகவும், ரத்தத்தில் கலக்கும் ஹார்மோன்கள் வழியாகவும் குடலின் வேலை மாறுகிறது. இரைப்பை மெதுவாகிவிடும், பெருங்குடல் வேகமெடுக்கும். அதனால்தான் தேர்வு நாளில் இட்லி இறங்குவதில்லை, அதே நேரத்தில் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. வயிற்றைக் கலக்குகிறது, வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று நம் முன்னோர் சொன்னது உடலை உற்றுக் கவனித்துச் சொன்ன சொல்.

சில குழந்தைகளின் குடல் நரம்புகள் கூடுதலாகக் கூர்மை அடைந்துவிடுகின்றன. மற்றவர்கள் உணராத சிறு வாயு அசைவுகூட அவர்களுக்கு வலியாகத் தெரியும். வயிற்றுப்போக்கு வந்து குணமான பிறகும் இந்தக் கூர்மை மாதக்கணக்கில் நீடிக்கலாம்.

கடலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது. எங்கோ நடுக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானாலே நம் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். கரையில் வெயில் அடிக்கிறதே என்று யாரும் கூண்டைப் பொய் என்பதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலைப் பார்த்த ஊர் இது. பிள்ளையின் வயிற்று வலியும் அப்படி ஏற்றிய கூண்டுதான். புயல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியது நம் வேலை.

தேடும்போது கழிப்பறையை மறக்க வேண்டாம். பள்ளிக் கழிப்பறைக்குப் போக அருவருப்புப்பட்டு, நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் ஏராளம். தேங்கிய மலத்திலிருந்து குடல் நீரை உறிஞ்சிவிடும். அது இறுகி, வெளியேறும்போது வலிக்கும். வலிக்குப் பயந்து பிள்ளை மறுபடி அடக்கும். மலக்குடல் விரிந்து விரிந்து, முட்டும் உணர்வே மங்கிப்போகும். இதைத் திட்டித் தீர்க்க முடியாது. தண்ணீர், கீரை, பழம், காலை உணவுக்குப் பின் அவசரமில்லாத பத்து நிமிடம், தேவைப்பட்டால் மருத்துவர் தரும் மலமிளக்கி என்றுதான் சரிசெய்ய முடியும்.

வலிக்கும் நேரத்தில் பாட்டி வயிற்றைத் தடவிவிடுவதற்கும் அறிவியல் உண்டு. தொடு உணர்வின் செய்தி, தண்டுவடத்தில் வலியின் செய்தியை அமுக்குகிறது என்று மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965-லேயே விளக்கினார்கள். மெதுவாக, நீளமாக மூச்சை வெளியே விடுவது வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பைத் தணிக்கிறது. தடவிக் கொடுங்கள், ஆனால் "இன்னும் வலிக்கிறதா?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்காதீர்கள். 2006-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பெற்றோர் வலியைப் பற்றியே பேசியபோது குழந்தைகளின் புலம்பல் கூடியது. பேச்சை வேறு பக்கம் திருப்பியபோது குறைந்தது.

சில அறிகுறிகள் இருந்தால் காத்திருக்கவே கூடாது: வலி தூக்கத்திலிருந்து எழுப்புவது, எடை குறைவது, மலத்தில் ரத்தம், பச்சை நிற வாந்தி, காய்ச்சல், சிறுநீர் எரிச்சல். வலி தொப்புளை விட்டு விலகி வலது அடிவயிற்றுக்கு நகர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பயமோ சோர்வோ வாரக்கணக்கில் விடாமல் இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மருத்துவர் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு, ஒரு சனிக்கிழமை மாலை அக்கா மகனோடு கெடிலம் பாலத்தில் நடந்துகொண்டிருந்தேன். முகத்தைப் பார்த்துக் கேட்டால் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள். பக்கத்தில் நடந்தால் பேசுவார்கள். பாலம் முடிவதற்குள் சொன்னான்: "திங்கட்கிழமை எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள் மாமா. எனக்கு 'ழ' வராது. சிரிப்பார்கள்."

அக்கா ஆசிரியையிடம் பேசினாள். முதலில் பையன் ஆசிரியையின் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கட்டும் என்று முடிவானது. அடுத்த திங்கட்கிழமையும் வலித்தது. வயிற்றில் கை வைத்தபடியே வேனில் ஏறினான்.