தொட்டிக்கட்டு வீட்டுக்கு ஸ்பெயின் தோட்டம் பொருந்துமா?

பாலக்காட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் பழைய ஓட்டு வீடுகளைப் புதுப்பிக்கிறவர்களுக்கு இப்போது ஒரு புது ஆசை. வீட்டை அப்படியே வைத்துக்கொண்டு, சுற்றியுள்ள இடத்தை மட்டும் 'மெடிட்டரேனியன்' ஆக்க வேண்டுமாம். வெள்ளைச் சுவர், சுட்ட மண் தொட்டிகள், கூழாங்கல் பரப்பு, நடுவே ஃபவுண்டன், ஓரத்தில் லாவண்டர். செல்போனில் படம் காட்டும்போது அழகாகத்தான் இருக்கிறது.

ஆசையில் நியாயமும் உண்டு. தென் ஸ்பெயினின் பழைய வீட்டுக் கூரையும் நம் நாட்டு ஓட்டுக் கூரையும் ஏறக்குறைய ஒரே வேலை: அரைக்குழாய் ஓட்டை ஒரு வரிசை மல்லாத்தி, அடுத்த வரிசை கவிழ்த்து அடுக்குவது. அங்கே வீட்டு நடுவில் 'பாட்டியோ' என்னும் திறந்த முற்றம், இங்கே அதே இடத்தில் வானம் பார்த்த தொட்டி. இரண்டு இடத்திலும் தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு. சீமை ஓடு என்று நாம் சொல்வதை 1865-ல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் ஆலை வைத்துச் செய்யத் தொடங்கினார்கள். மத்தியதரைக் கடலோர மார்செய் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய ஓடும் அதே பாணிதான். ஆக வீடு ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாதது வானம்.

தென் ஸ்பெயினின் கோர்தோபாவிலும் கிரனாடாவிலும் கோடையில் மழை கிடையாது, மழையெல்லாம் குளிர்காலத்தில். வெயிலும் ஈரமும் ஒரே நேரத்தில் வருவதில்லை. நமக்கோ, வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, இடையில் முப்பது கிலோமீட்டர் வாக்கில் ஒரு திறப்பு, அதுதான் பாலக்காட்டுக் கணவாய். மார்கழியிலிருந்து அதன் வழியாகக் கிழக்கேயிருந்து வறண்ட காற்று அடிக்கும். உதடு வெடிக்கும், துணி அரை மணியில் காயும். பங்குனி, சித்திரையில் வெயில் 40 டிகிரியை எட்டிப் பார்க்கும். ஜூன் பிறந்ததும் காற்று திசை மாறி, மேற்கேயிருந்து மழையோடு வரும். அதாவது வருடத்தில் நாலு மாதம் நம்மிடம் ஸ்பெயின் காற்று இருக்கிறது. மீதி மாதங்களில் இல்லை. தோட்டத்தைத் திருத்தி அமைக்கிறவர் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது இதைத்தான்.

ஃபவுண்டனை எடுத்துக்கொள்வோம். கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் பெரியம்மா வீட்டு வாசலில் அதற்கு இடம் பார்த்த கான்ட்ராக்டர், "இது மட்டும் வந்துட்டா ஏசியே வேண்டாம்மா" என்றார். பாதி உண்மை. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதை அது சுற்றியுள்ள காற்றிலிருந்தும் தரையிலிருந்தும்தான் எடுக்கும். ஒன்றரை டன் ஏசி ஏழெட்டு நிமிடம் ஓடி வெளியேற்றும் வெப்பம் அது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான்.

ஆனால் எவ்வளவு குளிரும் என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்குக் கீழே காற்றை இந்த முறையில் குளிர்விக்க முடியாது. மாசி மாதப் பிற்பகலில் வெயில் 38 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்தால், அந்த எல்லை 23 டிகிரிக்குப் பக்கம். 15 டிகிரி இறங்க இடம் இருக்கிறது. மழைக்கு முந்தைய புழுக்கத்தில் 33 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் எல்லை 29. இறங்க நாலு டிகிரிதான் மிச்சம். அதிலும் பாதி கிடைத்தாலே பெரிது. அப்போது ஃபவுண்டன் செய்வதெல்லாம் புழுக்கத்தைக் கூட்டுவதுதான்.

இன்னொன்று, இடம். கிரனாடாவின் அல்ஹம்பிரா அரண்மனையில் 14-ஆம் நூற்றாண்டுச் சிங்க முற்றத்தில் நீர் ஓடுகிறது என்றால், அதைச் சுற்றி நாலு பக்கமும் கட்டடம். குளிர்ந்த காற்று கனமானது. அடைப்புக்குள் தேங்கி நிற்கும். திறந்த வாசலில் ஃபவுண்டன் வைத்தால், கணவாய்க் காற்று அந்தக் குளிர்ச்சியை அள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்துத் தோப்புத் தென்னைக்குக் கொடுத்துவிடும். நீர் வைப்பதென்றால் வீட்டு நடுத் தொட்டியில் வைக்க வேண்டும். அகலமான மண் தாழி ஒன்று, அதைச் சுற்றி நீர் உறிஞ்சும் செங்கல் தளம். தை முதல் சித்திரை வரை நிரப்பி, தளத்தையும் நனைத்துவிட்டு, மழை பிடித்ததும் கவிழ்த்துவிடலாம். தாழியில் கப்பி மீன் விட மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் கொசுவுக்குத் தொட்டில் கட்டிக்கொடுத்த மாதிரி.

தொட்டி வேறொரு வேலையும் செய்கிறது. மேகமில்லாத வறண்ட இரவில் கூரை ஓடும் தளமும் வெப்பத்தை நேராக வானத்துக்குக் கதிர்வீசிக் குளிர்கின்றன. அவற்றை ஒட்டிய காற்றும் குளிர்ந்து தொட்டிக்குள் இறங்கி, ஒட்டியுள்ள கூடமான ஆசாரத்தில் பரவுகிறது. காலை பத்து, பதினொன்று வரை வீடு குளுகுளுவென்று இருப்பதற்கு இதுதான் காரணம். தொட்டிக்கு மேலே மழைக்காகப் பாலிகார்பனேட் தகடு போட்டு மூடியவர்கள் இந்த வழியை அடைத்துவிட்டார்கள். பிறகு ஏசி வாங்காமல் என்ன செய்வது?

அடுத்தது மரம். இங்கேதான் வெளியூர்ப் படங்கள் அதிகம் ஏமாற்றும். கோர்தோபா 38 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. அங்கே சூரியன் ஒருநாளும் நேர் உச்சிக்கு வராது. எப்போதும் தெற்கே சாய்ந்துதான் போகும். அதனால் தெற்குச் சுவருக்குத் திராட்சைப் பந்தல். கோடையில் இலை நிழல் தரும், குளிர்காலத்தில் இலை உதிர்ந்து வெயிலை உள்ளே விடும். நாம் இருப்பது பத்தே முக்கால் டிகிரியில். சித்திரை பிறந்த நாலைந்து நாளில் நடுப்பகல் சூரியன் நம் நேர் உச்சிக்கு வந்துவிடும். அதற்கப்புறம் ஆவணி இரண்டாம் வாரம் வரை, நம்ப மாட்டீர்கள், உச்சிவெயில் வடக்குப் பக்கமிருந்து விழும். தெற்குச் சுவருக்கு மரம் வைத்தால் கோடை வெயிலுக்கு அது பெரிதாக உதவாது. நம் வீடுகளை வறுப்பது கூரை வெயிலும், பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மேற்குச் சுவரில் படுக்கையாக அடிக்கும் வெயிலும்தான். வேம்போ புங்கனோ மேற்கே நிற்க வேண்டும்.

தரையும் அப்படியே. பெரியம்மா வீட்டு வாசலில் பாதிக்கு இன்டர்லாக் கல் போட்டாயிற்று. பங்குனி மாதம் மூன்று மணிக்கு அதில் வெறுங்காலோடு நாலு அடி வைக்க முடியாது. இத்தகைய கல்லின் மேற்பரப்பு 60 டிகிரி வரை போகும். ஒட்டியுள்ள மண் வாசலில், வேம்பு நிழலில், நின்று பேசலாம். பகலில் குடித்த வெப்பத்தைக் கல் இரவு பத்து மணி வரை திண்ணைப் பக்கம் கக்கிக்கொண்டிருக்கும். அதற்குப் பதில் புல்தரை போடலாம் என்பார்கள். நம் கோடையில் புல் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் வாக்கில் குடிக்கும். நூறு சதுர மீட்டருக்கு ஐந்நூறு லிட்டர். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சிய வட்டாரம் என்று மத்திய நிலத்தடி நீர் வாரியம் முன்பு குறித்திருந்த ஊர் பாலக்காட்டுச் சித்தூர். அங்கே போர் தண்ணீரைப் புல்லுக்கு விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நிழல் விழும் மண் தரை போதும். வண்டி ஏறும் இடத்துக்கு மட்டும் கல்.

காற்றுக்கு? ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது கணவாய்க்காரர்களுக்கு வெறும் பழமொழி இல்லை. காம்பவுண்டு சுவரை ஏழெட்டு அடிக்கு எழுப்பினால் காற்று நிற்கும் என்று நினைக்கிறோம். முழுச் சுவரில் மோதிய காற்று மேலேறி, மறுபக்கம் சுழலாகக் கவிழும். புழுதியும் அதோடு வந்து விழும். பாதிக் காற்றை உள்ளே விட்டுப் பாதியைத் தடுக்கும் வேலி, தன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரத்துக்கு வேகத்தைத் தணிக்கும். நொச்சியும் ஆடாதோடையும் நெருக்கமாக வைத்த உயிர்வேலி இதற்குச் சரியான ஆள்.

லாவண்டர் ஏன் செத்துப்போகிறது என்று கேட்பவர்கள் வெயிலைத்தான் குறை சொல்கிறார்கள். வெயில் அதற்குப் பழக்கம். கொல்வது சூடான ஈரம். வேரும் மூச்சுவிடும், சூடு கூடக் கூட அதற்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும். மண்ணின் இடைவெளிகளில் நீர் நிரம்பிவிட்டால், ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் இருப்பதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைந்துவிடும். ஸ்பெயினில் மண் நனையும்போது குளிர்காலம். வேரின் தேவையும் குறைவு. இங்கே ஜூன், ஜூலையில் மண் வெதுவெதுப்பாகவும் சொதசொதவென்றும் இருக்கும். வேர் திணறும், அழுகல் பூஞ்சை புகுந்துவிடும்.

சித்தூர்ப் பக்கம் பல இடங்களில் கரிசல் மண் வேறு. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் மூலைவாட்டாக விரிசல் கண்டால் பல நேரம் காரணம் இந்த ஏற்ற இறக்கம்தான். சுவரை ஒட்டிப் பெரிய மரம் நின்றால், கோடையில் அது அந்தப் பக்கத்து ஈரத்தை மட்டும் உறிஞ்சி, அஸ்திவாரத்தை ஒரு பக்கம் இறக்கிவிடும். மரம் வளர்ந்தால் எவ்வளவு உயரமோ, சுவரிலிருந்து அவ்வளவு தூரம் தள்ளி நடுவது கரிசலுக்குப் பாதுகாப்பான கணக்கு. வீட்டைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகத் தளம் போட்டால் கூரை நீர் அஸ்திவாரத்தில் இறங்காது. 150 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 7500 லிட்டர். அதைப் பாத்தி வழியாகக் கிணற்றுப் பக்கம் திருப்பிவிடலாம்.

செடியில் ஸ்பெயின் சாயல் வேண்டுமென்றே இருப்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. அங்கத்திய வெள்ளைச் சுவர்களில் வழியும் காகிதப்பூ உண்மையில் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. தண்ணீரைக் குறைத்தால்தான் அது நன்றாகப் பூக்கும். நம் தை, மாசி அதற்கு அளவெடுத்துத் தைத்த பருவம். மாதுளையும் அங்கே உண்டு, இங்கேயும் உண்டு. அரளி மத்தியதரைக் கடலோரத்திலிருந்து நம் நாடு வரை தானாக வளர்கிற செடி. வெயிலையும் தாங்கும், நீர் வடியும் மேட்டில் நட்டால் மழையையும் தாங்கும். மாடு, ஆடு வைத்திருக்கிற வீடுகளில் மட்டும் அதைத் தொழுவத்துக்குத் தள்ளி வைக்க வேண்டும். பச்சையோ சருகோ, கொஞ்சம் இலை தின்றாலே கன்று பிழைப்பது கஷ்டம்.