கோழி ஏன் கத்தல?

மாடம்பாக்கத்துல இருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். வீட்டுக்குப் பின்னாடி அஞ்சு சிறுவிடைக் கோழி வளர்த்திருக்காரு, மரச்சட்டத்துல கோழி வலை அடிச்ச கூண்டு, போன வாரம் காலைல போய்ப் பார்த்தா நாலு கோழி செத்துக் கிடக்கு, ஒண்ணையும் முழுசா தின்னல, கழுத்துல மட்டும் கடி, வலை ஒரு மூலைல பிஞ்சு வளைஞ்சிருக்கு. அஞ்சாவது கோழி எப்படியோ தப்பிச்சு முருங்கை மரத்துல ஏறி உக்காந்திருக்கு. அவர் கேட்ட கேள்வி இதுதான்: "படுக்குற ரூம் ஜன்னல் கூண்டுல இருந்து பத்தடிதான் சார், ராத்திரி ஒரு சத்தமும் கேக்கல. பகல்ல மதில் மேல பூனை நடந்தாலே தெருவையே கூட்டுற கோழிங்க, அன்னைக்கு ஏன் கத்தல?"

கூண்டை எப்படிக் கட்டணும்னு கேக்குறவங்க நிறைய பேர், ஆனா இவர் கேட்ட கேள்விக்கு பதில் தெரிஞ்சா கூண்டு எப்படி இருக்கணும்னு தானாவே புரிஞ்சிடும். அதனால முதல்ல கோழியோட கண்ணுக்குள்ள போயிட்டு அப்புறம் கம்பி வலைக்கு வர்றேன்.

விழித்திரைல கூம்பு செல், குச்சி செல்னு ரெண்டு வகை இருக்குன்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம், கூம்பு கலருக்கு, குச்சி மங்கின வெளிச்சத்துக்கு. நம்ம ஒரு கண்ணுல கூம்பு கிட்டத்தட்ட 60 லட்சம், குச்சி 10 கோடிக்குக் கிட்ட, அதாவது நம்ம கண்ணு அடிப்படைல இருட்டுக்கு செஞ்ச கண்ணு. காரணம், டைனோசர் பகல்ல நடமாடின காலத்துல நம்ம பாலூட்டி முன்னோருங்க ராத்திரில மட்டும் வெளிய வந்து பிழைச்சவங்கன்னு விஞ்ஞானிகள் சொல்றாங்க. கோழி அந்த டைனோசர் வம்சத்துலயே வந்தது, அதுக்குப் பகலை விட்டுக் கொடுக்க வேண்டிய நிலைமை வரல. அதனால அதோட கண்ணுல கணக்கு தலைகீழ், கூம்புதான் அதிகம், குச்சி கம்மி. நமக்கு மூணு வகைக் கூம்பு, கோழிக்கு நாலு வகை, அது போக ரெண்டு செல் ஒட்டிப் பிறந்த மாதிரி ஜோடிக் கூம்புன்னு அஞ்சாவதா ஒண்ணு.

இதுக்கப்புறம் வர்றதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். கோழியோட ஒவ்வொரு கூம்பு செல்லுலயும், வெளிச்சத்தை உணர்ற பகுதிக்கு முன்னாடி, கண்ணுக்குத் தெரியாத அளவு ஒரு எண்ணெய்த் துளி இருக்கு. வெளிச்சம் அந்தத் துளிக்குள்ள புகுந்துதான் உள்ள போகணும். சிவப்பைப் பார்க்கிற கூம்புல துளி சிவப்பு, பச்சையைப் பார்க்கிற கூம்புல மஞ்சள், ஊதாவைப் பார்க்கிறதுல நிறமே இல்லாத கண்ணாடி மாதிரி துளி. ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டாத கலரை அந்தத் துளியால வடிகட்டிட்டு வேண்டியதை மட்டும் உள்ள விடுது, அதனாலதான் காஞ்ச இலை நடுவுல அதே கலர்ல கிடக்கிற ஒரு கம்பு மணியை அது சட்டுனு கொத்தி எடுக்குது. மைக்ராஸ்கோப்ல எடுத்த கோழி விழித்திரை படத்தை நான் முதல் தடவை பார்த்தப்போ கலர்க் கோலப்பொடியைத் தரையில சிந்தி விட்டது மாதிரி இருந்துச்சு, ரொம்ப நேரம் அந்தப் படத்தை மூட மனசு வரல.

அந்தக் கலர் எங்க இருந்து வருதுன்னு பாருங்க. கோழியால அதைச் சுயமா தயாரிக்க முடியாது, தின்ற கீரையில, மக்காச்சோளத்துல இருக்கிற கரோட்டினாய்டுதான் மூலம், முட்டை மஞ்சக்கருவை மஞ்சளாக்குறதும் அதே குடும்பத்துப் பொருள்தான். சிவப்புத் துளிக்கு மட்டும் கோழி அதைக் கொஞ்சம் மாத்தி அஸ்டாக்சாந்தின்னு ஒண்ணா ஆக்கிக்குது. இறாலையும் நண்டையும் வேக வெச்சா சிவக்குதே, அந்தச் சிவப்பும் அஸ்டாக்சாந்தின்தான்.

இன்னும் ஒண்ணு. அந்த அஞ்சு வகைச் செல்லும் சிந்தின மாதிரி தெரிஞ்சாலும் சும்மா சிந்தினது இல்ல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மெரினாவுல பாருங்க, ஒரு சுண்டல்காரர் இன்னொரு சுண்டல்காரர் பக்கத்துல போய் நிக்க மாட்டார், தள்ளிதான் போவார், ஆனா பலூன்காரர் பக்கத்துல நிக்கிறதுல அவருக்கு ஒரு பிரச்னையும் இல்ல. பலூன்காரரும் அப்படித்தான், இன்னொரு பலூன்காரரைப் பார்த்தா விலகிடுவார். யாரும் கோடு போட்டுக் கொடுக்கல, ஆனா பீச்சுல எங்க உக்காந்தாலும் சுண்டலும் கிடைக்கும், பலூனும் கிடைக்கும். கோழிக் கண்ணுல ஒவ்வொரு வகைச் செல்லும் தன் இனத்துக்கிட்ட இருந்து மட்டும் அப்படி விலகி நிக்குது, அதனால விழித்திரைல எந்த இடத்துலயும் எந்தக் கலருக்கும் பஞ்சம் இல்ல. அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல 2010ல இதை அளந்து எழுதினாங்க, 2014ல பிரின்ஸ்டன் ஆளுங்களும் சேர்ந்து, இந்த மாதிரி ஒழுங்கை அதுவரைக்கும் பௌதிகத்துலதான் பார்த்திருக்கோம், உயிருள்ள ஒண்ணுல இப்பதான் பார்க்கிறோம்னு சொன்னாங்க.

இவ்வளவு அழகுக்கும் கோழி குடுக்கிற விலைதான் ராத்திரி. கூம்பு செல்லுக்கு வெளிச்சம் நிறைய வேணும், அதுலயும் எண்ணெய்த் துளி ஒரு பங்கைத் தடுத்துடுது, கூலிங் கிளாஸை நிரந்தரமா மாட்டினது மாதிரி. இருட்டைச் சமாளிக்க வேண்டிய குச்சி செல்லோ கம்மி. அதனால பொழுது சாஞ்சு வெளிச்சம் ஒரு அளவுக்குக் கீழ போனதும் கோழிக்கு உலகம் அணைஞ்சிடுது. எங்க ஆயா செய்யாறுல கோழி வளர்த்தப்போ பகல்ல ஒரு கோழியைப் பிடிக்கணும்னா பேரப்பசங்க நாங்க ஆறு பேரும் தோட்டம் பூரா ஓடணும், வெள்ளைக் கழிச்சலுக்கு ஊசி போடணும்னா மட்டும் ஆயா ராத்திரி வரைக்கும் காத்திருந்து, கூட்டுக்குள்ள கையை விட்டு, அடியில கை குடுத்து, பூசணிக்காய் எடுக்குற மாதிரி ஒண்ணொண்ணா எடுத்துக் குடுப்பாங்க. கோழி "க்ர்ர்"னு தொண்டைக்குள்ளயே ஒரு சத்தம் போடும், அவ்வளவுதான். ஓடுறதுன்னா எங்க ஓடும், அதுக்கு ஒண்ணும் தெரியாது, அசையாம இருக்கிறதுதான் அதுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு.

இப்ப எதிரி பக்கம் பாருங்க. மரநாய், பூனை, தெருநாய் எல்லாத்துக்கும் குச்சி செல் ஏராளம், அதோட விழித்திரைக்குப் பின்னாடி கண்ணாடி மாதிரி ஒரு படலம், ஒரு தடவை உள்ள போய் வீணான வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி ரெண்டாவது தடவையும் செல்லுக்கு வாய்ப்பு குடுக்குது. ராத்திரி டார்ச் அடிச்சா மதில் மேல ரெண்டு பச்சை நெருப்பு தெரியுதே, அது அந்தப் படலம்தான். அதே டார்ச்சைக் கோழி மூஞ்சில அடிங்க, கண்ணு மினுங்காது.

இப்ப வாசகர் கேள்விக்கு வர்றேன். பகல்ல கோழிக்கூட்டம் அருமையான காவல்காரங்க, மேல பருந்து வந்தா ஒரு குரல், தரையில நாய் வந்தா வேற குரல், அந்தக் குரலை மட்டும் ஒலிப்பெருக்கில போட்டாலே மத்த கோழிங்க சரியா மேலயோ சுத்தியோ பார்க்குதுன்னு சோதனை செஞ்சே காட்டியிருக்காங்க. ஆனா அந்தக் குரல் முழுக்கக் கண்ணை நம்பினது. அன்னைக்கு ராத்திரி வந்தது யாருன்னே அதுங்களுக்குத் தெரியல. முதல் கோழிக்குக் கழுத்துல கடி, கத்த நேரம் இல்ல, பக்கத்துக் கோழி சலசலப்பு கேட்டும் அசையாம உக்காந்திருக்கு, அதுக்கு அடுத்ததும் அப்படியே.

தின்னாம ஏன் நாலையும் கொன்னுச்சுன்னு கேட்டா, அது வெறி இல்ல. ஹான்ஸ் க்ரூக்னு ஒரு விலங்கியல் அறிஞர் 1972ல இதைப் பத்தியே ஒரு கட்டுரை எழுதினார். இங்கிலாந்துல கடற்காக்கைங்க தரையில கூடு கட்டுற இடத்துல, ரொம்ப இருட்டான ராத்திரிகள்ல நரி வந்து ஒண்ணு மாத்தி ஒண்ணு கொன்னு அப்படியே போட்டுட்டுப் போகுது, பறவைங்க எழுந்து பறக்கவே இல்ல. செரங்கெட்டில ஒரு புயல் ராத்திரில கழுதைப்புலிங்க 80க்கும் மேல மான்களைக் கொன்னுட்டுக் கொஞ்சத்தை மட்டும் தின்னிருக்கு. சாதாரணமா இரை ஓடிடும், ஒண்ணு கிடைச்சா பெரிய விஷயம், அதனால "போதும்"னு நிறுத்துற பழக்கம் வேட்டைக்கார மூளைக்குத் தேவைப்பட்டதே இல்ல. ஓட முடியாத இரையை ஒரு பெட்டில அடைச்சு வெச்சது நாமதான். அதனால மரநாயைத் திட்டாதீங்க, விஷம் வைக்காதீங்க, மரநாயும் கீரியும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல பாதுகாக்கப்பட்டவை, கொல்றது குற்றம்.

ஆக, கூண்டுன்னா கோழி கண்ணு அணையுற நேரத்துல அதுக்குப் பதிலா காவல் நிக்க வேண்டிய பொருள். இங்க நம்ம ஊர் விஷயம் ஒண்ணு இருக்கு. சென்னை பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல, அட்சரேகை 13 டிகிரில இருக்கு, சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தா இறங்குது, மறைஞ்ச பிறகு நல்லா இருட்ட இருபது இருபத்திரெண்டு நிமிஷம்தான். லண்டன் மாதிரி ஊர்ல அது அரை மணியைத் தாண்டும். அதனால வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து "பொழுது சாஞ்சு பொறுமையா மூடலாம்"னு இருந்தா இங்க ஆகாது. அதோட நவம்பர்ல சூரியன் அஞ்சே முக்காலுக்கு முன்னாடியே மறையும், ஜூலைல ஆறரைக்கு மேல, ஆட்டோமேட்டிக் கதவுக்கு டைமர் வெச்சவங்க வருஷம் பூரா ஒரே நேரத்தை விட்டுட்டா மழைக்காலத்துல கதவு கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் லேட்டாதான் மூடும்.

கோழி அந்த நேரத்துல தானாவே உள்ள வந்துடும், அதுக்குக் கடிகாரம் உள்ளயே இருக்கு. மண்டை ஓட்டுக்குக் கீழ இருக்கிற பினியல் சுரப்பி, ஓட்டைத் தாண்டி வர்ற வெளிச்சத்தை நேரடியாவே உணருது, அதுக்குத் தனி நிறமியே இருக்குன்னு 1994ல ஜப்பான்காரங்க கண்டுபிடிச்சு பினாப்சின்னு பேர் வெச்சாங்க. 2013ல நகோயா பல்கலைக்கழகத்துல, சேவலை மாறாத மங்கின வெளிச்சத்துலயே வெச்சிருந்தாலும் அது உள் கடிகாரத்தை வெச்சு நேரத்துக்குக் கூவுதுன்னு காட்டினாங்க. சேவல் ஏன் கூவுதுன்னு ஆராயக் காசு கேட்டா நம்ம ஊர்ல என்ன சொல்வாங்கன்னு யோசிச்சு எனக்கு வருத்தமா இருக்கும். மாதவரத்துல கால்நடைப் பல்கலைக்கழகம் 1989ல இருந்து இருக்கு, நந்தனம் கோழியை உருவாக்கினவங்க, அங்க படிக்கிற ஒரு மாணவர் "சென்னைக் கொல்லைப்புறத்துல கோழி எத்தனை மணிக்கு அடையுது, எது வந்து தூக்குது"ன்னு ரெண்டு வருஷம் கேமரா வெச்சுப் பார்க்கணும்னு கேட்டா தாராளமா பணம் குடுக்கணும், முட்டைக் கணக்கு எவ்வளவு முக்கியமோ இதுவும் அவ்வளவு முக்கியம்னு நான் நம்புறேன்.

சரி, வலை. அறுகோண ஓட்டை போட்ட கோழி வலை கோழி வெளிய போகாம இருக்கத்தான், எதிரி உள்ள வராம இருக்க இல்ல. மெல்லிசான கம்பியை முறுக்கி விட்டிருப்பாங்க, நாய் பல்லுல இழுத்தா முறுக்கு பிரிஞ்சிடும், சென்னை உப்புக் காத்துல சீக்கிரம் துருவும் பிடிக்கும். அரை இன்ச் ஓட்டை ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) வெல்டட் மெஷ் வாங்குங்க, குறுக்குக் கம்பி ஒவ்வொண்ணும் பத்தவெச்சிருக்கும். தலை நுழைஞ்சா உடம்பு நுழையும்ங்கறதுதான் கீரிக்கும் பெருச்சாளிக்கும் கணக்கு, அரை இன்ச்ல பெருச்சாளி, கீரி தலை எதுவும் நுழையாது. ஸ்டேப்ளர் பின் அடிக்காதீங்க, வாஷர் போட்டு ஸ்க்ரூ முறுக்குங்க, வாசகர் வீட்டுல பிஞ்சது அந்த மூலைதான்.

கூண்டைத் தரையில இருந்து ரெண்டடி உயரத்துல கால் மேல நிறுத்தினா ஐப்பசி மழைத் தண்ணிக்கும் ஆச்சு. பகல்ல மேயுற வலைக்கூடத்துக்கு மட்டும், சுவரோட அடியில இருந்து வெளிப்பக்கமா ஒன்றரை அடி அகலத்துக்கு மெஷ்ஷைத் தரையில படுக்க விரிச்சு மேல மண்ணு போடுங்க. தோண்டுற மிருகம் சுவர் ஓரத்துலதான் தோண்டும், கம்பி தட்டும், பக்கத்துல தோண்டும், திரும்பவும் தட்டும், ஒன்றரை அடி பின்னாடி தள்ளிப் போய்த் தோண்டணும்னு பெரும்பாலும் அதுக்குத் தோணாது. கூடத்துக்கு மேலயும் வலை வேணும், கீரியும் வல்லூறும் பகல் ஆளுங்க.

உக்கார்ற கம்பை மெஷ்ல இருந்து ஒரு அடியாவது தள்ளி வைங்க, வெளிய இருந்து கை விட்டு இழுக்க எட்டக் கூடாது. காத்துப் போக்குக்கு வழி கம்புக்கு மேல இருக்கணும், கோழிக்கு வேர்க்காது, கத்திரி வெயில்ல வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளிய தள்ளும், எச்சத்துல வர்ற அமோனியாவும் வெளிய போகணும். ராத்திரி பூரா பல்பு எரிய விடாதீங்க, கோழிக்குத் தூக்கம் போகும், பூச்சியும் தவளையும் பின்னாலயே பாம்பும் வரும். தீவனத் தட்டை உள்ள விடாதீங்க, எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். எங்க தெருவுல தென்னையில ஒரு கூகை ஜோடி இருக்கு, அலறினா சாவு விழும்னு சிலர் கல்லெடுத்து அடிக்கிறாங்க, எனக்கு அதைப் பார்க்கவே மனசு தாங்கல. உங்க கோழித் தீவனத்துக்கு வர்ற எலியை ராத்திரி ராத்திரி பிடிக்கிறது அதுதான், தயவுசெஞ்சு விட்டுடுங்க.

மாடம்பாக்கத்து வாசகருக்கு: அந்த முருங்கை மரத்துக் கோழி இனி கூண்டுப் பக்கம் வர யோசிக்கும். புதுக் கூண்டு ரெடியானதும் பகல்ல துரத்தாதீங்க. நல்லா இருட்டினதும் ஏணி போட்டு, ஒரு கை நெஞ்சுக்கு அடியில, ஒரு கை இறக்கை மேல வெச்சு எடுத்து, உள்ள கம்புல உக்கார வெச்சுடுங்க, அது கத்தாது. நாலஞ்சு நாள் கூண்டுலயும் வலைக்கூடத்துலயுமே வெச்சிருந்து அப்புறம் தோட்டத்துல விடுங்க. சாயங்காலம் கூண்டுக்கு உள்ள போகுதான்னு பார்த்துட்டு கொண்டியைப் போடுங்க.