கோஷ்: இங்கிதம் தெரியாத இடக்கை

ஆங்கில நாவல் படிக்கிறவர்கள் கோஷ் (gauche) என்ற சொல்லைக் கண்டிருப்பார்கள். எழுத்தைப் பார்த்தால் ‘கௌச்’ என்று படிக்கத் தோன்றும், உச்சரிப்பு கோஷ்தான். நாலு பேர் கூடிய இடத்தில் எதைப் பேசுவது, எதை விடுவது என்று தெரியாமல் சொதப்புகிறவரையும், அப்படிச் சொதப்பிய பேச்சையும் செயலையும் இந்தச் சொல் குறிக்கும். இதற்கு ‘முரட்டுத்தனமான’ என்று சிலர் தமிழில் எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. முரடு வேறு, இது வேறு.

எங்கள் பெரியப்பா இறந்த மூன்றாம் நாள். கூடத்தில் பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் வந்து பெரியம்மா எதிரே குந்தி, “வீடு யார் பேர்ல இருக்கு பெரியம்மா?” என்று கேட்டான். கூடமே அமைதியாகிவிட்டது. அவன் மனதில் கல்மிஷம் எதுவும் இல்லை. முந்தைய இரண்டு நாளும் நாற்காலி தூக்கி, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவன் அவன்தான். பெரியம்மாவுக்கு ஏதாவது உதவ வேண்டுமே என்றுதான் கேட்டான். இதுதான் கோஷ்.

இது பிரெஞ்சுச் சொல். அங்கே இதற்கு ‘இடது’ என்று பொருள். அதற்கும் முன்னால், விலகிச் செல்வது, கோணுவது என்ற பொருளுள்ள ஒரு வினையிலிருந்து பிறந்தது என்கிறார்கள் சொல்லாய்வாளர்கள். இடதுக்குப் பழைய பிரெஞ்சில் லத்தீன் வழிவந்த வேறொரு சொல் இருந்தது; 15ஆம் நூற்றாண்டு வாக்கில் அதன் இடத்தை கோஷ் பிடித்துக்கொண்டது. இடக்கையால் செய்த வேலை கோணலாக இருக்கும் என்ற எண்ணத்தில் ‘பக்குவமற்ற’ என்ற பொருளும் ஒட்டியது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலம் இதைக் கடன் வாங்கியபோது இடதை விட்டுவிட்டு, கோணலை மட்டும் எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் திறமைசாலியைக் குறிக்கும் ‘டெக்ஸ்ட்ரஸ்’ லத்தீனின் வலது; தீமையைக் குறிக்கும் ‘சினிஸ்டர்’ லத்தீனின் இடது. எல்லாம் ஒரே ஓரவஞ்சனை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘இங்கிதம் தெரியாத’ என்பதே என் தேர்வு. வீட்டில் நாம் அன்றாடம் சொல்வது. இங்கிதம் வடசொல், முகக்குறிப்பு, சைகை என்பது அதன் பழைய பொருள். எதிரே இருப்பவர் முகத்தைப் படிக்கத் தெரியாதவர் இங்கிதம் தெரியாதவர். அந்தப் பையனுக்குத் தெரியாமல் போனது அதுதானே! தனித்தமிழ் வேண்டுவோர் ‘குறிப்பறியாத’ என்று எழுதலாம். திருக்குறளில் குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு: 71 அரசவைக்கு, 110 காதலுக்கு.

எல்லா இடத்துக்கும் இது ஒத்துவராது. ஒருவரின் எழுத்தையோ ஓவியத்தையோ கோஷ் என்றால் ‘பக்குவமற்ற’ என்பது பொருந்தும். ‘விவஸ்தை கெட்ட’ என்றால் திட்டாகிவிடும். ‘இடக்கு’ என்பதும் சரிவராது, இடக்கு வேண்டுமென்றே செய்வது. வேதியியலிலும் ஒரு கோஷ் உண்டு: பியூட்டேன் என்ற வாயுவின் மூலக்கூறில் இரு முனைகளிலும் உள்ள அணுத்தொகுதிகள் ஒன்றுக்கொன்று 60 பாகைத் திருப்பத்தில் நிற்கும் அமைப்பு. அங்கே யாரையும் குறை சொல்லவில்லை, அதனால் அதை கோஷ் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இடக்கை விஷயத்தில் நாமும் குற்றமற்றவர்கள் அல்ல. வலதைச் சோத்தாங்கை என்றும் இடதைப் பீச்சாங்கை என்றும் பிரித்து வைத்திருக்கிறோம். என் அண்ணன் மகள் இடக்கைக்காரி. கடையில் காசு நீட்டினால், “சோத்தாங்கையில குடு பாப்பா” என்பார்கள். அவள் கை சட்டென்று பின்னால் போகும். ஆனால் திறமைக்கு நம்மிடம் இருக்கும் ‘கைதேர்ந்த’ என்ற சொல் எந்தக் கை என்று கேட்பதில்லை. மார்கழியில் அவள் வாசலில் 15 புள்ளிக் கோலம் போடுவாள். கோலப்பொடி இடக்கை விரல்களிலிருந்து ஒரே சீராக இறங்கும், ஒரு வளைவுகூடப் பிசகாது. கைதேர்ந்தவள்.