வெளியே தெரியாத பிரேக் பேட்: வீட்டில் மாற்றுவோர் கவனத்துக்கு

பெருநாள் விடுமுறைக்கு முந்திய வாரங்களில் பினாங்கு மாநிலத்துப் பிறையிலுள்ள எங்கள் பட்டறைக்கு வரும் கார்களில் சில, உரிமையாளரே வீட்டில் பிரேக் பேட் மாற்றிய பிறகும் சத்தமோ ஒரு பக்கமாக இழுப்பதோ நிற்காததால் வருபவை. அவர்கள் வேலையை மோசமாகச் செய்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் புதிய பேட் சரியாகவே பொருத்தப்பட்டிருக்கும். ஆனால் பழைய பேட் ஏன் அப்படித் தேய்ந்தது என்பதைப் பார்க்காமல் விட்டிருப்பார்கள். கருவியும் பொறுமையும் உள்ளவர் இந்த வேலையைத் தாராளமாக வீட்டிலேயே செய்யலாம் என்பதுதான் என் கருத்து. பேடைச் சுற்றியுள்ள பாகங்களையும் வேலையின் பகுதியாக அவர் எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க்; அதன் இருபுறமும் உள்ள பேடுகளை அழுத்திக் கவ்வவைப்பது காலிப்பர். மைவி, சாகா போன்ற கார்களின் முன்சக்கரக் காலிப்பரில் ஒரே ஒரு பிஸ்டன்தான் இருக்கும். பிரேக்கை மிதித்ததும் அது உள்பக்கப் பேடை டிஸ்க்கின் மீது அழுத்தும். அதே அழுத்தத்தில் காலிப்பர் உடல் இரண்டு ஸ்லைடு பின்களின் மீது நகர்ந்து, வெளிப்பக்கப் பேடை எதிர்த்திசையிலிருந்து இழுத்துப் பிடிக்கும். பின்கள் துருவேறி இறுகினால் காலிப்பர் நகராது; உள்பக்கப் பேட் மட்டும் தேய்ந்துகொண்டே போகும். ரிம் இடைவெளி வழியாகக் குனிந்து பார்ப்பவருக்குத் தெரிவதோ வெளிப்பக்கப் பேட்தான். அண்மையில் வந்த ஒரு மைவியில் வெளிப்பக்கத்தில் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் மிச்சம் இருந்தது. உள்பக்கத்தில் உராய்வுப் பொருள் முற்றாகத் தீர்ந்து, இரும்புத் தகடு டிஸ்க்கில் நகத்துக்குத் தட்டுப்படும் வரிகளைப் போட்டிருந்தது. மேல் பின்னைக் குறடு பிடித்துத் திருகித்தான் வெளியே எடுக்க முடிந்தது. அதில் கிரீஸ் இருந்த அடையாளமே இல்லை, செம்பழுப்பு மாவு மட்டுமே ஒட்டியிருந்தது.

ஆகவே கழற்றிய பேடுகளை உடனே குப்பையில் போடாமல், இடது, வலது, உள், வெளி என்று நான்கையும் தரையில் வரிசையாக வைத்துத் தடிமனை ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நான்கும் ஏறக்குறைய ஒரே அளவில் தேய்ந்திருந்தால் கவலை இல்லை. வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஸ்லைடு பின்களை உருவித் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கப்படும் சிலிக்கான் கிரீஸைத் தடவி, கையால் தள்ளினாலே அவை நகர்கின்றனவா என்று சோதியுங்கள். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் அங்குள்ள ரப்பரை ஊதச் செய்து மறுபடியும் இறுகவைக்கும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் பேடோடு டிஸ்க்கையும் மாற்றியாக வேண்டும்.

காரைத் தூக்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வரிசை வீடுகளின் போர்ச்சில் வழுவழுப்பான டைல்ஸ் பதித்திருப்பார்கள். மழைநீர் வடிவதற்காக அது வாசலை நோக்கிச் சற்றுச் சரிந்தும் இருக்கும். அங்கே ஜாக்கை வைத்தால் அது நழுவலாம், டைல்ஸும் விரியலாம். சமதளமான, ஈரமில்லாத சிமெண்டுத் தரை வேண்டும். காருடன் வரும் ஜாக் தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு ஜாக் ஸ்டாண்ட் தனியாக வேண்டும். ஆட்டோ கியரை ‘பி’யில் போட்டிருக்கிறேனே என்று பலர் சொல்வார்கள். இக்கார்களில் ‘பி’ பிடித்து வைப்பது முன்சக்கரங்களை. அவற்றில் ஒன்றைத் தரையிலிருந்து தூக்கியதுமே அந்தப் பிடிப்பை நம்ப முடியாது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள்.

புதிய பேட் தடிமனாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டியிருக்கும். அப்போது பிரேக் எண்ணெய் மேலேயுள்ள டப்பாவுக்குத் திரும்பும். பேட் தேயத் தேய டப்பாவில் எண்ணெய் இறங்குவது இயல்பு. இடையில் யாராவது அதை நிரப்பி வைத்திருந்தால் இப்போது வழிந்து ஊற்றும், பெயிண்டையும் அரிக்கும். மூடியைத் திறந்து அளவைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் தள்ளுங்கள். காலிப்பரை அதன் ரப்பர்க் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். தூசியைக் காற்றடித்து ஊதாமல் பிரேக் கிளீனரால் கழுவுங்கள்.

இந்த வேலையில் மிக ஆபத்தான நேரம், எல்லாம் முடிந்து காரை எடுக்கும் நேரம். பிஸ்டன் பின்னே போயிருப்பதால் முதல் மிதியில் பெடல் தரை வரை இறங்கும், பிரேக் பிடிக்காது. சோதித்துப் பார்க்கலாமென்று ரிவர்ஸ் எடுத்து வீட்டு கேட்டில் மோதிய கார்கள் எங்களிடம் வந்திருக்கின்றன. எஞ்சினை முடுக்குவதற்கு முன்பே பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதியுங்கள். எஞ்சின் ஓடும்போது மீண்டும் மிதித்துப் பார்த்த பிறகே கியரைத் தொடுங்கள். எவ்வளவு மிதித்தும் பெடல் பஞ்சுபோல் இருந்தால் காரை நகர்த்தாதீர்கள். காற்று புகுந்திருக்கலாம், கசிவும் இருக்கலாம்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. நம் நாட்டுப் புழுக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. டாட் 4 என்ற தரத்துப் பிரேக் எண்ணெயின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு எதிர்பார்க்கப்படும் அளவு 155 மட்டுமே. பட்டர்வொர்த்துக்கும் பிறைக்கும் இடையே சமதரையில் ஓடும்வரை இது தெரியாது. கெந்திங் மலையிலிருந்தோ, பாலிக் பூலாவின் துன் சர்டோன் மலைச்சாலையிலோ பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கும்போது எண்ணெய் கொதித்து ஆவியாகி, பெடல் திடீரென்று தளர்ந்துவிடும். பேட் புதியது என்பது அங்கே உதவாது. இரண்டாண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுங்கள், இறக்கத்தில் கியரைக் குறையுங்கள்.

பேட் வாங்கும்போது அசல் பெட்டியைப் போலவே அச்சடித்து இணையத்தில் பாதி விலைக்கு விற்பதைத் தவிர்த்து, ரசீது கொடுக்கும் உதிரிபாகக் கடையில் வாங்குங்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் மாற்றுவது கூடாது.

பின்சக்கரத்தில் டிஸ்க் உள்ள கார்களுக்கு என் ஆலோசனை வேறு. அங்குள்ள பிஸ்டன்கள் பலவற்றைத் தள்ளக்கூடாது, திருகியே உள்ளே செலுத்த வேண்டும். புரோட்டோன் எக்ஸ்70 போல மின்சார ஹேண்ட்பிரேக் உள்ள கார்களில் முதலில் அதைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றாமல் பிஸ்டனை அழுத்தினால் மோட்டார் பழுதாகிவிடும். பேடில் மிச்சம் பிடித்த பணம் அந்தச் செலவின் ஓரத்துக்குக்கூட வராது. அவற்றைப் பட்டறைக்கே கொண்டு செல்லுங்கள்.

சக்கர நட்டுகளை நட்சத்திர வடிவில் மாற்றி மாற்றி முடுக்கி, கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்குங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி பாருங்கள். ஞாயிறு காலையில் பிறைத் தொழிற்பேட்டைச் சாலைகள் காலியாகக் கிடக்கும்; அறுபது கிலோமீட்டர் வேகத்திலிருந்து பதினைந்துக்கு நிதானமாகக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல் மீண்டும் வேகமெடுத்து, இப்படிச் சில முறை செய்தால் பேடும் டிஸ்க்கும் படிந்துகொள்ளும். பின் ஆற விடுங்கள். வீடு திரும்பியதும் இரு முன்சக்கர ரிம்களுக்கும் அருகே, தொடாமல், உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தப் பக்கத்துக் காலிப்பர் இன்னும் இறுகியே இருக்கிறது, மறுபடி கழற்ற வேண்டும்.